ஆத்தா கொடுத்த சத்தியம்

மெய்யம்மை புற்றுநோயில் இறந்து ஒரு வாரமாகியும் அவள் குரல் தினமும் தொலைபேசியில் மகள் உமையாளோடு பேசிக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை அந்தக் குரலில் பேசப் பழக்கியவள் மருத்துவமனை உளவியலாளர் பூங்கோதை. தாயைப் பறிகொடுக்கப்போகும் பெண்ணுக்குப் பிற்பாடு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் படுக்கையருகே உட்கார்ந்து, மெய்யம்மையின் பேச்சையும் சிரிப்பையும் செல்லக் கோபத்தையும் சேர்த்து வைத்தாள்.

ஆனால் வீட்டுக்கு மூத்தவரான சொக்கலிங்கம், தம்பி மனைவியின் சாவையே உமையாளிடம் மறைத்து, அந்தக் குரலைப் பேசவிட்டார்.

"தெரிஞ்சா அவ கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப்போகும். மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுத்த வாக்கு என்னாகிறது? தாலி ஏறட்டும், நானே சொல்லிக்கிறேன்."

வீட்டார் சொல்லாததைச் சொல்லப் பூங்கோதைக்கு அனுமதியில்லை.

இன்று அவர் பூங்கோதையின் அறையில் இருந்தபோது டோக்கியோவிலிருந்து உமையாள் காணொளியில் அழைத்தாள்.

"அங்க என்ன மருந்து குடுக்குறாங்க டாக்டர்? முன்னெல்லாம் ரெண்டு வார்த்தைக்கே ஆத்தாவுக்கு மூச்சு வாங்கும். இப்ப என்னைய வையக்கூடச் செய்றாங்க."

பூங்கோதை வாயைத் திறந்தாள். சொக்கலிங்கம் கையை உயர்த்தித் தடுத்தார்; திரையோரத்தில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டாள் உமையாள்.

"பெரியப்பச்சியும் இருக்காகளா? நல்லதாப்போச்சு. கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி மாத்திட்டேன். மாப்பிள்ளை வீட்லயும் சரின்னுட்டாங்க. ஆத்தா தேறி, நடந்து வந்து பக்கத்துல நிக்கட்டும்."

"யாரைக் கேட்டு மாத்துனே?"

"ஆத்தாவைத்தான். கட்டாயம் வந்துருவேன்னு சத்தியம் பண்ணிருக்காங்க."

அழைப்பு முடிந்தது. நிமிர்ந்தே உட்கார்ந்து பழகிய சொக்கலிங்கம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அந்தக் குரலை, வர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வைக்க முடியுமாம்மா?"

"மக கேட்டதுக்கு அந்தம்மா ஒருநாளும் முடியாதுன்னு சொன்னதில்லீங்க," என்றாள் பூங்கோதை.