பதினொரு கீறல்

நுண்ணோக்கிக்கு அடியில் ஒற்றை முன்பல். அதற்குரியவர் ஆணா பெண்ணா என்று பல் சொல்லவில்லை. செத்து லட்சக்கணக்கான வருஷம் இருக்கும். இறைச்சியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, இன்னொரு கையிலிருந்த கல்லால் அறுத்துத் தின்றிருக்கிறார். கல் தவறி உரசியதில் பல்லில் பதினொரு கீறல். நாங்கள் இதுவரை பார்த்த பற்களிலெல்லாம் கீறல்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இதில் பதினொன்றும் எதிர்ப்பக்கம்.

"படத்தைத் திருப்பிப் போட்டுட்டியாம்மா?" என்றார் ஆய்வகத் தலைவர் நீலமேகம், நான் எடுத்த நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்து.

"இல்ல சார். இவருக்கு நொட்டாங்கைதான் சோத்துக்கை."

"என்ன பேச்சு இது? அறிக்கைல கையப் பத்தியெல்லாம் வேணாம். அளவ மட்டும் எழுது."

ஒண்ணாம் வகுப்பில் என் இடக்கையைப் பெஞ்சுக்காலோடு கட்டிப்போட்டார்கள். கல்யாணப் பந்தியில் அது தவறி இலைக்குப் போனபோது மாமியார் அதன்மேல் கரண்டியால் ஒரு போடு போட்டார். நாற்பது வருஷமாக வலக்கையால்தான் சாப்பிடுகிறேன். இன்னும் சாம்பார் மணிக்கட்டுக்கு வழிகிறது.

கீறல்களையும் அந்த இடக்கையையும் பற்றி ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேஜையில் வைத்தேன்.

மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். நான் இடக்கையைக் கழுவிக்கொண்டு வந்து, அதைச் சோற்றில் வைத்துப் பிசைந்தேன்.

"பூங்கோதை, அது எந்தக் கை?" என்றார் நீலமேகம்.

வாயிலிருந்ததை நன்றாக மென்று விழுங்கினேன்.

"சோத்துக்கை சார்" என்றேன், அடுத்த கவளத்தை உருட்டியபடி.