கை மாறிய குறட்டை

பல்லாவரம் தாண்டிவிட்டது. போனில் நீலக்கோடு பாதிகூட நகரவில்லை.

அவள் தன் போனை அந்தப் பெண்ணின் போனோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். ஒட்டிப் பிடித்தால் ப்ளூடூத் சீக்கிரம் வரும் என்பது இந்த லேடீஸ் பெட்டியின் பழைய நம்பிக்கை. உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் கிண்டியில் இறங்க வேண்டும். அவள் கையிலிருந்தது பழைய பட்டன் போன். பின்மூடி கழலாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

சுற்றி நின்றவர்கள் யாரும் என்ன ஏதென்று கேட்கவில்லை. ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு ஹெட்போன்.

அப்போது அப்படியில்லை.

தாம்பரத்தில் ஒருத்தி கொண்டுவந்து ஏறும் புதுப்படப் பாட்டு, வண்டி பீச் போவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிடும். பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆவடி வண்டிக்கு ஓடுகிறவளோடு பாட்டும் ஓடும். பாதி வரும்போது இறங்கும் ஸ்டேஷன் வந்துவிட்டால், நாளைக்கு. யாருக்கும் அவசரமில்லை. அவளே கொடுத்த பாட்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, "புதுசுக்கா, கேட்டுப் பாருங்க" என்று அவளிடமே வந்து சேர்ந்ததுண்டு. எவ்வளவு நன்றாக இருந்தது அந்தக் காலம்.

பேர் கேட்கிற வழக்கமில்லை. நம்பரும் வாங்குவதில்லை. ஏறுகிற ஸ்டேஷன்தான் பேர். அவள் குரோம்பேட்டை. பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறவள் சானடோரியம் அக்கா.

அந்தப் பெட்டியில்தான் அவள் மானம் போனது.

அவள் வீட்டுக்காரர் குறட்டை விடுவார். விடுவார் என்றால், பக்கத்து போர்ஷன்காரர்கள் சுவரைத் தட்டுகிற அளவுக்கு. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆதாரத்தோடு பிடிக்கலாமென்று ஒருநாள் போனில் பதிவு செய்தாள். மறுநாள் காலை, தூக்கக் கலக்கத்தில், சானடோரியம் அக்காவுக்கு அனுப்பிய பாட்டுகளோடு அதுவும் போய்விட்டது.

சைதாப்பேட்டை வருவதற்குள் பெட்டியே சிரித்தது.

ஒருத்தி அதை அலாரமாக வைத்தாள். இன்னொருத்தி வாலை வெட்டி ரிங்டோன் ஆக்கினாள். அடுத்த வாரம் எழும்பூர் படிக்கட்டில், முன்பின் தெரியாத ஒருத்தியின் கைப்பைக்குள் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வெட்கத்தில் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டாள். அவரிடம் சொல்லவேயில்லை.

போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

போட்டோ நிறைய இருக்கிறது. கல்யாண சிடியில் மனிதர் வாயே திறக்கவில்லை, எல்லாம் நாதஸ்வரம்தான். போனில் பேசினால் "ம்". மெசேஜ் அனுப்பினால் அதுவும் "ம்".

அவளுக்கு அவர் குரல் வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பதிவின் கடைசியில் அவர் பேசியிருந்தார். அவள் முழங்கையால் இடித்ததும் விழித்து, ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது. எத்தனை யோசித்தும் வரவில்லை.

கேட்டுப் பார்த்தாள், அதே வழியில்தான். சானடோரியம் அக்காவின் அந்தப் பழைய போன் எப்போதோ போய்விட்டது; அவளிடம் சொல்லிவைத்தாள். அக்கா பார்க்கில் வண்டி மாறுகிறவளிடம் சொன்னாள். அவள் ஆவடி வண்டியில் சொன்னாள். குரோம்பேட்டைக்கு அந்தக் குறட்டை வேண்டுமாம்.

மழைக்காலம் வந்து போனது. ஒன்றிரண்டு திரும்பி வந்தன. எல்லாம் ரிங்டோன், வால் வெட்டியவை. அவர் வாய் திறக்குமுன் நின்றுவிடும்.

இன்றைக்கு இந்தப் பெண் தானாக வந்து எதிரே நின்றாள்.

"குரோம்பேட்டை அக்கா நீங்கதானே? எங்க அம்மா போன்ல இருக்குது, கொண்டாந்திருக்கேன். வெட்டாதது."

நீலக்கோடு மீனம்பாக்கத்தில் ஒருமுறை அறுந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள்.

"இத்தனை வருஷமா இதை ஏம்மா அழிக்காம வெச்சிருந்தீங்க?"

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா விட்டுட்டுப் போயிட்டாருக்கா. நானும் அம்மாவும்தான். தெருவோரத்து வீடு, ஒத்தைத் தாழ்ப்பா. படுக்கும்போது அம்மா இதை ஜன்னல்கிட்ட சத்தமா வெச்சிடுவாங்க. வீட்ல ஆம்பள இருக்குன்னு வெளிய கேக்கட்டும்னு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல், வீட்டில் படுத்திருந்தபடியே முன்பின் தெரியாத வீட்டுக்குக் காவலுக்குப் போய்வந்திருக்கிறார் மனிதர்.

பரங்கிமலை போயிற்று. நீலக்கோடு ஊர்ந்தது.

கிண்டி பிளாட்பாரம் உள்ளே வரும்போது கோடு நிறைந்தது.

வாசலுக்கு நகர்ந்த பெண் தயங்கித் திரும்பினாள். "என்கிட்ட இருக்கிறதை அழிச்சிடவாக்கா? உங்க வீட்டுக்காரராச்சே."

"இருக்கட்டும்மா. ராத்திரிக்கு வேணுமில்ல."

வண்டி நகர்ந்தது. அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

முதலில் ஃபேன். பிறகு அவர். கிரைண்டரில் உளுந்து ஓடுகிற மாதிரி, சற்றும் மாறாமல். அவள் முழங்கை தானாக ஒருமுறை அசைந்தது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

போனுக்குள் வளையல் சத்தம் கேட்டது. அவளுடையதுதான். குறட்டை நின்றது.

"யாரு தூங்கினா? முழிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ தூங்கு."

மாம்பலத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை.