யார் அனுப்பிய கார்?

"அண்ணே, அந்த நர்ஸம்மா மறுபடியும் வந்திருக்காங்க!"

தொண்டர் ஒருவர் வந்து காதைக் கடித்ததும் கொடிக்கம்பத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

ஆள் நெட்டை. அதனால் கட்சியில் எல்லோருக்கும் அவர் கொடிக்கம்பம்தான். அக்காவின் பிரசாரப் பொறுப்பு மொத்தமும் அவர் தலையில். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இந்தத் தேர்தலில் முதலமைச்சர் வேட்பாளராக நிற்பவர். அவர் வெறும் வார்டு உறுப்பினராக இருந்த காலத்திலிருந்தே கொடிக்கம்பம் நிழல் மாதிரி கூட இருக்கிறார். 'எங்க அக்கா மாதிரி ஒருத்தர் வரணுமே!' என்று யாரிடமாவது பெருமையடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட அக்காவை முதல் கூட்டத்திலேயே திணறடித்தவர் இந்த நர்ஸம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலிக்காரர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆஸ்பத்திரி கட்டுவேன் கட்டுவேன்னு சொல்றீங்களே, ஏற்கனவே கட்டினதுல ராத்திரி டியூட்டிக்கு ஏன் டாக்டரே இருக்கிறதில்லைன்னு தெரியுமா உங்களுக்கு?"

அக்கா முழித்தார். "தெரியாதும்மா. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

டிவிக்காரர்களுக்கு அது போதாதா? அந்த முழியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். 'ஒரு நர்ஸுக்கே பதில் சொல்லத் தெரியலை. இவங்க மாநிலத்தை ஆளப் போறாங்களாம்!' என்று எதிர்க்கட்சி மேடைகளில் ஒரே சிரிப்பு.

அதோடு விட்டதா? அக்கா எந்த ஊரில் பேசினாலும் நர்ஸம்மா ஆஜர்.

"வாசல்லேயே நிறுத்திடட்டுமாக்கா?" என்று கொடிக்கம்பம் கேட்டுப் பார்த்தார்.

"நிறுத்திப் பாரு. நான் மேடையே ஏற மாட்டேன்" என்றார் அக்கா.

முட்டி வலிக்காரர் ஊர் ஊராக எப்படி வருகிறார்? விசாரித்ததில், கண்ணாடி ஏற்றிய ஒரு சாம்பல் நிறக் கார் கொண்டுவந்து விடுகிறதாம். கூட்டம் முடியும்வரை ஒதுங்கி நின்று, திரும்பக் கூட்டிப் போகிறதாம். இது எதிர்க்கட்சி வேலையேதான்! கையும் களவுமாகப் பிடித்து டிவிக்குக் கொடுக்க வேண்டும் என்று கொடிக்கம்பம் கறுவிக்கொண்டிருந்தார்.

இன்று நர்ஸம்மா எழுந்ததுமே அக்கா முந்திக்கொண்டார்.

"உட்கார்ந்தே பேசுங்கம்மா. நீங்க முதல்ல கேட்டதுக்கு இன்னிக்குத்தான் பதில் கிடைச்சிருக்கு. நேர்லயே போய்ப் பார்த்தேன். டாக்டருங்க தங்க அங்க வீடே இல்லை. கடைசி பஸ்ஸும் சாயங்காலமே கிளம்பிடுது. அவங்க எப்படி இருப்பாங்க? புது ஆஸ்பத்திரி அப்புறம். முதல்ல வீடும் பஸ்ஸும். பஸ்ஸுக்கெல்லாம் கல்வெட்டு வச்சு என் பேரைப் போட முடியாது. போகட்டும்!"

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. கொடிக்கம்பத்துக்கு நெஞ்சு விம்மியது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், "எங்க அக்கா சார்!" என்றார்.

நர்ஸம்மா மட்டும் கைதட்டவில்லை.

"சரி, வீடு கட்டுறீங்க. அந்தப் பக்கம் போர் போட்டாலே உப்புத் தண்ணிதான். குடிக்க என்ன செய்வாங்க?"

அக்கா மறுபடியும் முழித்தார். "அதைப் பார்க்காம வந்துட்டேம்மா..."

கேமராக்கள் அத்தனையும் அக்காவின் முகத்துக்குத் திரும்பின. கொடிக்கம்பத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அரங்கத்தின் பின்பக்கம் ஓடினார்.

வேப்பமரத்தடியில் சாம்பல் நிறக் கார். படபடவென்று கண்ணாடியைத் தட்டினார்.

"இறங்குய்யா கீழே! எவ்வளவு நாளா நடக்குது இந்த வேலை? எந்தக் கட்சி நீ?"

கண்ணாடி இறங்கியது.

"மாமா!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் அக்காவின் கணவர். காலேஜில் கணக்கு வாத்தியார். அரசியல் பேச்சு வந்தால் டிவியையே அணைத்துவிடுகிற மனிதர்.

"கத்தாதேப்பா. இது நண்பரோட கார். எங்க காரை எடுத்தா நீ கண்டுபிடிச்சுடுவேன்னுதான் இரவல் வாங்கினேன்."

கொடிக்கம்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கட்டின பொண்டாட்டிக்கே குழி பறிக்கிறீங்களே மாமா! இது அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரிஞ்சாவா? அனுப்புறதே அவதான்!"

"என்னது?"

"முதல் கூட்டத்துக்கு அந்தம்மா தானா பஸ்ல வந்தாங்க. அடுத்ததுக்கும் வாங்கன்னு கூப்பிட்டா, இனிமே முட்டி ஒத்துழைக்காதுன்னுட்டாங்க. உங்க அக்கா விடலையே! 'சுத்தி இருக்கிற எல்லாரும் ஆமாம் போடுறாங்க, நம்ம கொடிக்கம்பம் உள்பட. நாளைக்கு ஆட்சியில உட்கார்ந்தா என் தப்பை எனக்கு யார் சொல்லுவாங்க? இப்பவே கேட்டுப் பழகிக்கணும்'னு சொல்லிட்டா. ஒரே ஒரு கண்டிஷன். என்ன கேட்கப் போறாங்கன்னு வழியில நான் விசாரிக்கவே கூடாதாம்!"

கொடிக்கம்பம் அரங்க வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

நர்ஸம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்து சேர்ந்தார். "என்ன தம்பி முறைக்கிறே? கார்ல கூட்டிட்டு வர்றதுக்காக ஓட்டுப் போட்டுடுவேன்னு நினைக்காதே. நான் இன்னும் முடிவு பண்ணலை."

கொடிக்கம்பம் ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்துவிட்டார்.

"முட்டியைப் பார்த்து ஏறுங்கம்மா. அடுத்த கூட்டத்துல இதைவிடக் கஷ்டமா கேளுங்க. எங்க அக்கா தாங்குவாங்க!"