ஆறு வேளைச் சாப்பாடு

"மத்சுயோ அக்கா, அந்தத் தடியன் இப்ப மூணாவது வீட்டுக்குள்ள நுழையறான். மணி இன்னும் பதினொண்ணுகூட ஆகல!"

போனில் காய்கறிக்கடை நத்சுகோவின் குரல் கொதித்தது.

தனியாக உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்த ரொட்டியை மத்சுயோ தட்டிலேயே வைத்தாள். நாகசாகியின் அந்த மலைச்சரிவில் தனியாக வாழும் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. சம்பளம் கிடையாது. புகார் மட்டும் நாள் தவறாமல் வரும்.

தடியன் என்றது ஷிகேருவை. பதினைந்து வருஷம் சுமோ மல்யுத்தம். பட்டம் ஒன்றும் வாங்கவில்லை. முழங்கால் போய், நூற்று நாற்பது கிலோ உடம்போடு ஊர் திரும்பியவன், கேஸ் சிலிண்டர் போட்டு, மீட்டர் குறிக்கும் வேலையில் சேர்ந்திருந்தான். வண்டி ஏறாத படிக்கட்டுத் தெருக்கள். தோளில் தூக்கிக்கொண்டுதான் போவான்.

"எடை குறைக்கணுமாம். கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடணுமாம். அதுக்குன்னு ஒண்டிக்கட்டையா இருக்கிற பெரியவங்க வீடாப் பார்த்தா போய் உட்கார்றது? அவங்களே பென்ஷன்ல காலத்தை ஓட்டறாங்க!"

"நான் பேசறேன் நத்சுகோ. நீ கடையைப் பாரு."

வெளியே கடல்பனி மேலேறிக் கொண்டிருந்தது. கப்பல் தெரியவில்லை, அதன் சங்கொலி மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. படிகள் பனிக்குள் போய் வானத்தில் முடிவதுபோல் இருந்தன. தூக்கத்தில் நடப்பவள்போல மத்சுயோ ஏறினாள்.

முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் உராகாவாவின் ஜன்னல் திறந்திருந்தது. குட்டை மேஜைக்கு முன்னால் ஷிகேரு மண்டியிட்டிருந்தான், அறைக்குள் குன்று ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி. எதிரில் ஒரே ஒரு சோற்றுருண்டை, சின்னக் கிண்ணத்தில் மிசோ சூப்.

"நீங்களும் சாப்பிடுங்கய்யா. தனியா சாப்பிட்டா எனக்கு அளவு தெரியாது. எதிர்ல ஒருத்தர் சாப்பிட்டாத்தான் நிறுத்துவேன்."

"உன்னோட பெரிய ரோதனைடா!" என்றார் கிழவர். சொல்லிக்கொண்டே தன் கிண்ணத்தையும் எடுத்தார். வாய் காதுவரை சிரித்தது.

மத்சுயோ கதவைத் தட்டவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்தது கினுயோவின் வீடு. உள்ளே யாரோ பாடுகிறார்கள். புருஷன் போன இரண்டு வருஷத்தில் கினுயோ சத்தமாகப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. இப்போது அடுப்பில் முட்டை பொரிய, பனிக்குள் அந்தப் பழைய குரல் மெல்ல அலைந்தது.

"என்ன கினுயோம்மா, அந்தப் பையனால உங்களுக்குத் தொந்தரவா?"

"தொந்தரவுதான். பன்னெண்டரைக்கு டாண்ணு வந்து நிப்பான். நான் செய்யலேன்னா வேற யாரு செய்வா? கண்டதைத் தின்னு உடம்பைக் கெடுத்துக்குவான். தள்ளு, முட்டை கருகுது!"

மற்ற நாலு வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில். "பாவம், டாக்டர் சொல்லியிருக்காராம்." "நான் கூடவே உட்கார்ந்தாத்தான் சாப்பிடறான்." ஒரு வீட்டில் அவனுக்கென்று புதுக் கிண்ணமே வாங்கி வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் மேல்படியில் அவனைப் பிடித்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, ஊரே உன்னைப் பத்திப் பேசுது. உன் முதலாளி காதுக்கும் போயிடுச்சாம். வேலை போயிடும்டா."

"தெரியும்க்கா. நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டார், இன்னும் ஒரு புகார் வந்தா கிளம்புன்னு."

"தெரிஞ்சுமா இன்னிக்கும் போனே? சரி, எடையாவது குறைஞ்சுதா?"

"நாலு கிலோ ஏறிடுச்சுக்கா." கூச்சத்தோடு சிரித்தான். "டாக்டர் கண்டபடி திட்டினார். ஆறு வேளைன்னு உனக்கு எவன்டா சொன்னான்னு கேட்டார்."

"அவர் சொல்லலையா?"

"சாப்பிடறதைப் பாதியாக் குறைன்னுதான் சொன்னார்."

"அப்புறம் எதுக்குடா இந்த வேஷம்?"

அவன் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினான். கீழே பனி கலைந்துகொண்டிருந்தது. சரிவெங்கும் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏற, துறைமுகம் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல் தெரிந்தது.

"கேஸ் மீட்டர் பார்க்கப் போவேன்ல அக்கா. சில வீட்டுல மூணு மாசம், நாலு மாசமா நம்பர் அசையவே இல்லை. ஒருத்தரும் அடுப்பே பத்தவைக்கலை. ஒத்தை ஆளுக்குச் சமைச்சு என்னன்னு விட்டுட்டாங்க. 'சாப்பிடுங்க'ன்னா கேக்க மாட்டாங்க. 'பசிக்குது'ன்னா கேப்பாங்கன்னு தோணிச்சு."

வாரம் தவறாமல் அந்தக் கதவுகளைத் தட்டி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, நோட்டில் 'நலம்' என்று எழுதியவள் மத்சுயோ.

"உன் முதலாளிகிட்ட நான் பேசறேன்டா," என்றாள். "ஆறு வீடு... எனக்கு ஒண்ணுகூடத் தெரியாமப் போச்சே."

"ஏழு வீடுக்கா. ஏழாவதுல கதவைத் தட்டத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரலை."

"யாரோட வீடுடா அது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களோடதுதான்க்கா."