பேரைச் சொல்லு

1954 தை மாதம் கன்னிவாடியில், பெருமாள்சாமி தன் தோட்டத்துக் கிணற்றில் குதிக்கப் போனான். மனைவி அங்காளம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"உள்ளேருந்து யாரோ கூப்புடுறாக புள்ள" என்றான்.

வைத்தியம் என்றால் வரமாட்டான். அதனால், "எனக்குத் தலை ஒரு மாதிரியா இருக்கு, துணைக்கு வாங்க" என்று பொய் சொல்லித் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தாள்.

அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கும் டாக்டர் வெள்ளைக்காரர், தமிழ் படித்துக்கொண்டவர்.

"யாருக்கு நோய்?"

"இவளுக்குத்தேன்" என்றான் பெருமாள்சாமி.

"எனக்கில்லைங்கய்யா, இவுகளுக்குத்தேன்! கிணத்துல குதிக்கப் போனாக!"

"பாத்தீகளா? தனக்குத் தலை சரியில்லைன்னு இவதேன் என்னையக் கூட்டியாந்தா."

டாக்டர் அவள் நினைவைச் சோதித்தார். "உன் புருஷன் பேரைச் சொல்லு."

கட்டினவன் பேரை எவள் சொல்வாள்? அங்காளம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "திருப்பதி மலையில நிக்கிறாகளே, அவுகதேன்."

"திருப்பதி சாமியா உன் புருஷன்?"

"ஆமாங்கய்யா" என்றாள், புரிந்துகொண்டாரே என்ற நிம்மதியில்.

அவளை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பெருமாள்சாமி தனியாக ஊர் திரும்பினான்.

மறுவாரம் அவனைக் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்த சேதி வந்தது. "பெருமாள்சாமி! பெருமாள்சாமி!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.

நினைவு திரும்பிவிட்டதென்று டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.