கையில் ஒட்டிய கிரீஸ்

மூன்றாவது தடவையும் ஜுனைட் வெறுங்கையோடுதான் தண்ணீருக்கு மேலே வந்தான்.

"கிடைச்சுதோ?" வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டான் மில்ரன்.

ஜுனைட் முங்குகிற கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். இல்லையாம்.

தாழ்வுபாட்டுக் கரையில் வள்ளத்து எஞ்சின்கள் திருத்துகிறவன் மில்ரன். முந்தாநாள் வேலை முடித்து இறங்கும்போது ஓர் அலை வந்து வள்ளத்தை ஆட்டியது. தோளில் கிடந்த பை தொபுக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டது. ஸ்பானர், சொக்கட், புள்ளர், அவனுடைய பிழைப்பு எல்லாமே அதற்குள்தான். உடனே குதித்துத் துழாவினான். கைக்கு வந்தது பாசிதான்.

புதிதாக வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். மன்னார் டவுனில் பழைய இரும்புக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினான். கையிலிருந்த காசுக்கு இரண்டே இரண்டு ஸ்பானர் வந்தது. அதிலும் ஒன்றுக்கு வாய் தேய்ந்திருந்தது.

கடைசியில் வின்சன்ட் சம்மாட்டியிடம்தான் போய் நிற்க வேண்டியதாயிற்று. வள்ளமும் அவருடையது. கடலுக்குள் முங்கிக் கடலட்டை குளிக்கிற ஜுனைட்டும் அவருடைய வள்ளத்தில் போகிறவன்.

"வள்ளம் தாறன். ஆனா முறை தெரியும்தானே? கடலுக்குள்ள இருந்து வள்ளத்தில ஏறினதெல்லாம் பங்குக்குத்தான். வள்ளத்துக்கு ஒண்டு, எஞ்சினுக்கு ஒண்டு, குளிச்சவனுக்கு ஒண்டு" என்றார்.

"சம்மாட்டி, அது என்ர சாமான்."

"கரையில இருக்கேக்க உன்ர. தண்ணிக்குள்ள போனாக் கடலின்ர."

"அப்ப எனக்கு?"

"என்ர ரெண்டு பங்கையும் விலைக்குத் தாறன். காசில்லாட்டி ஒண்டு செய். கழட்டி வச்சிருக்கிறாய்தானே என்ர மற்ற எஞ்சின், அதைச் சும்மா பூட்டித் தா."

சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற மனிதர். மில்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றான்.

சம்மாட்டியும் இப்போது வள்ளத்தின் பின்பக்கம் எஞ்சினோடு குந்தியிருந்தார். ஆனால் அந்தப் பேரத்துக்கும் வழியில்லை.

ஜுனைட் வள்ளத்தில் ஏறுவதற்குக் கை கொடுத்தான் மில்ரன். கையில் ஏதோ பிசுபிசுத்தது. பார்த்தால் கறுப்பு. மூக்கில் வைத்து முகர்ந்தான். கிரீஸ்.

பாசியைத் துழாவினவன் கையில் கிரீஸ் எப்படி வரும்?

கரை தட்டும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். மணலில் கால் வைத்ததும் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"பையைக் கண்டிட்டு ஒளிச்சுப்போட்டு வாறாய், என்ன? கையை விரிச்சுக் காட்டு."

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜுனைட் சம்மாட்டியை ஒருதரம் பார்த்தான். பிறகு மணலைப் பார்த்தான்.

"பின்னேரம் கதைப்பம் அண்ணை."

"கள்ளனோட எனக்கென்ன கதை?"

ஜுனைட்டின் முகம் செத்துப்போயிற்று. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

மில்ரன் விடுகிற ஆளில்லை. நேரே சம்மாட்டியின் பக்கம் திரும்பினான். "பின்னேரம் தனிய எடுக்க வருவான், பாருங்கோ. நீங்களும் வாங்கோ, ஒரு சாட்சி வேணும்."

"அதுக்கென்ன, வாறன்" என்றார் சம்மாட்டி. மூன்று பங்கில் இரண்டு அவருடையதல்லவா?

பின்னேரம் இரண்டு பேரும் கவிழ்த்துப்போட்ட ஒரு பழைய வள்ளத்துக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். மில்ரன் கணக்குப் பிசகவில்லை. ஜுனைட் வந்தான். வள்ளமில்லை. தோளில் ஒரு நீளக் கயிறு, கையில் ஒரு வெறும் பிளாஸ்டிக் கான். அந்தக் கானைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போனான். முங்கினான், எழும்பினான், மறுபடி முங்கினான். கயிற்று நுனியோடு திரும்பிவந்து, கரையில் நின்று இழுக்கத் தொடங்கினான். பாரம் லேசில் அசையவில்லை. காலை மணலில் ஊன்றி, மூச்சு வாங்க வாங்க இழுத்தான்.

பை வந்தது. மில்ரனின் பைதான்.

மில்ரன் பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்தான். "ஆரைப் பேய்க்காட்டப் பாத்தனீ?"

ஜுனைட் திமிறவில்லை.

சம்மாட்டி ஆற அமர வந்து பையைக் காலால் தட்டிப் பார்த்தார். "சரி, சண்டையை விடுங்கோ. பையைக் கொட்டுங்கோ, பங்கு போடுவம்."

"என்ன பங்கு சம்மாட்டி?" என்றான் ஜுனைட். "வள்ளத்தில ஏறினாத்தானே பங்கு? இது வள்ளத்தில ஏறேல்லையே. கரையாலதானே வந்தது."

பிறகு மில்ரனைப் பார்த்தான்.

"காலமை நான் மேல தூக்கியிருந்தா மூண்டு பங்காப் போயிருக்கும் அண்ணை. அதுதான் கீழ ஒரு கல்லோட கட்டிப்போட்டு வந்தனான். உங்களிட்டச் சொல்லுவம் எண்டா, நீங்கள் சம்மாட்டியை விட்டு விலகேல்லை."

மில்ரனின் பிடி தானாகத் தளர்ந்தது. காலையில் ஊர் பார்க்கக் கள்ளன் என்று சொன்னது முள்ளாகக் குத்தியது.

சம்மாட்டியின் முகம் சிறுத்துவிட்டது. "நல்ல கெட்டிக்காரன்தான். நாளையில இருந்து என்ர வள்ளத்தில உனக்கு இடமில்லை, விளங்கிச்சோ?"

ஜுனைட் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். வீட்டில் அவன் உழைப்பை நம்பி நாலு வயிறு. சாட்சி வேண்டுமென்று இந்த மனிதரைக் கூட்டிவந்து நிறுத்தியது யார்? மில்ரனுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போலிருந்தது.

குனிந்து பையைத் திறந்தான். உப்புத் தண்ணீரை வடியவிட்டான். இருந்ததிலேயே பெரிய ஸ்பானரை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் நன்றாகத் துடைத்தான்.

"சம்மாட்டி, உங்கட மற்ற எஞ்சின் என்ர கொட்டிலில துண்டு துண்டாக் கிடக்கு. நாளைக்கு இவன் வள்ளத்தில ஏறினா, அதுவும் ஏறும்."