பழுதுச் சீட்டு

"இதெல்லாம் ஒரு லேப்டாப்பா தம்பி? மூடியை ஒரு விரலால அழுத்திப் பாரு. அட்டைப்பெட்டி மாதிரி அமுங்குது."

ஷாயிர்குல் அதை மேசைமேல் வைத்த வேகத்தில் குபாத்தின் தேநீர்க் கிண்ணம் தளும்பியது. கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில், சந்தை மாடியில் பன்னிரண்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறான் குபாத். இந்த அம்மாள் இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது இது மூன்றாவது தடவை.

"அக்கா, போன தடவையே சொன்னேன். நல்லா ஓடுது."

"எது ஓடுது? கீல் கிறீச்சுங்குது. கீபோர்டுல பாதிக் கட்டையில எழுத்து அழிஞ்சு போச்சு. சார்ஜர் முனையைக் கையால பிடிச்சுக்கிட்டே உக்காரணும். அரை மணி நேரம் மடியில வச்சா ரொட்டி சுடலாம். முப்பது வருஷமா பட்டறையில ஒரே தையல் மெஷின்ல தைக்கிறேன், அதைச் செஞ்சவன் மனுஷன். இதைச் செஞ்சவன் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புற அவசரத்துல செஞ்சிருக்கான்."

குபாத்துக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்தப் பெட்டியில் உருப்படியாக இருந்தது மூடிமேல் பளபளத்த கம்பெனிப் பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் மட்டமான பிளாஸ்டிக்.

"உடம்பு மட்டம்தான், ஒத்துக்கறேன். உள்ளே ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப மகன்கூடப் பேசும்போது படம் ஏன் உறைஞ்சு போகுது? செஞ்சவன் தப்பு, சரிபண்ணவே முடியாதுன்னு ஒரு சீட்டு எழுதி முத்திரை குத்திக் கொடு. நான் போயிடறேன்."

ஓகோ, விஷயம் இதுதானா என்று நினைத்துக்கொண்டான் குபாத். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். வாரண்டி முடியப் போகிற நேரத்தில் பொய்ச் சீட்டு வாங்கி, கம்பெனியிடம் புதுப் பெட்டி கறக்கிற கூட்டம். போன மாதம் ஒரு வக்கீல் தானே சூப்பை ஊற்றிவிட்டு வந்து, மழையில் நனைந்தது என்று சாதித்தார். இந்த அம்மாளும் அந்தச் சாதிதான் போலிருக்கிறது.

"வாரண்டி முடிய எத்தனை நாள் இருக்கு அக்கா?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமலா மூணு தடவை வர்றீங்க? பொய்ச் சீட்டு எழுதற கடை கீழ்மாடியில இருக்கு. அங்க போங்க."

"அவன் சீட்டை எவன் நம்புவான்? உன் கடைக்குத்தான் போகணும்னு மாஸ்கோவிலேருந்து என் மகனே சொல்லி அனுப்பினான். பொய் எழுத மாட்டியாமே."

"மாட்டேன். அதனாலதான் சொல்றேன், எழுத முடியாது."

"படம் உறையறதை நம்பலைன்னா அவனை இங்கேயே இதுல கூப்பிடறேன். உன் கண்ணாலேயே பாரு."

கூப்பிடட்டும், குட்டு வெளிப்படட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான் குபாத்.

மகன் எர்மெக் உடனே திரையில் வந்தான். மாஸ்கோவில் ஏதோ ஒரு சின்ன அறை, பின்னால் ஜன்னல். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

"அம்மா, கடைக்காரர் என்ன சொன்னார்?" முதல் கேள்வியே அதுதான்.

"இன்னும் பிரிச்சே பாக்கலை" என்றாள் ஷாயிர்குல் கூசாமல். குபாத் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "தரித்திரம் பிடிச்ச பெட்டி."

"திட்டாதேம்மா. என் ரெண்டு மாசச் சம்பளம் அது."

"அப்ப ரெண்டு மாசம் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கானுங்க."

எர்மெக் சிரித்தான். சாப்பாடு, குளிர், முதலாளியின் கஞ்சத்தனம் என்று பத்து நிமிடம் பேச்சு தங்குதடையில்லாமல் போயிற்று. குபாத் ஏளனமாக அவளைப் பார்த்தான். எங்கே உறைந்தது?

ஷாயிர்குல் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி அப்பா செத்து வருஷம் ஆகுது, நினைவு விருந்து. விருந்துக்கு அறுக்கக் குதிரைக்குச் சொல்லியாச்சு. வர்றவங்களை வாசல்ல நின்னு வரவேற்க மூத்த மகன் வேணும். வர்றியாப்பா?"

எர்மெக்கின் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. சத்தமும் இல்லை.

"பாத்தியா?" என்றாள் ஷாயிர்குல். "ஊருக்கு வர்றியான்னு கேட்டா, அதே இடத்துலதான் நிக்கும். அடக்கத்துக்கு வர முடியலையேன்னு அவன் அழுத அன்னிக்கு மட்டும் ஒழுங்கா ஓடுச்சு."

குபாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. இணைப்பைப் பார்த்தான், முழுசாக இருந்தது. திரைக்கருகே குனிந்தான்.

எர்மெக்கின் தோளுக்குப் பின்னால், ஜன்னல் திண்டில், ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்து வலது காலை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி முடித்ததும் நிதானமாக இடது காலை எடுத்துக்கொண்டது. எர்மெக் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தான். சற்று நேரத்தில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

குபாத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பொய்ச் சீட்டுக்காரி என்று இவ்வளவு நேரம் இளப்பமாக நினைத்தவளை, பெற்ற பிள்ளையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். இதை எந்த வாயால் சொல்வது?

"நெட் கார்டு லேசா... எதுக்கும் இன்னொரு தடவை பிரிச்சுப் பாக்கறேன் அக்கா" என்றான். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கடையில் அவன் சொன்ன முதல் பொய் அது.

ஷாயிர்குல் மேசைமேல் கிடந்த சீட்டுக் கட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"பிரிக்க வேண்டாம். அந்தப் பூனையை நானும் ஆறு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பெட்டி நல்லாருக்குன்னு நீ சொல்லிட்டா, உறையறதுக்கு அவனுக்குச் சாக்கு இருக்காது, கூப்பிடறதையே விட்டுடுவான். எழுது தம்பி, பெரிய எழுத்தா எழுது, கேமராவில அவனுக்குக் காட்டணும்."